ஒரே மூச்சில்

புதுவயல் அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவள் நான்.
பதினொரு வருஷத்தில்
ஒரு மூட்டை பிசகினதில்லை.

மதுரையில் மூன்றாவது பாட்டில் ஏறிய
பத்தொன்பதாம் நாள் சாயங்காலம்
லாரியில் மூட்டைகள் இரட்டை இரட்டையாய் நின்றன.
சேவுகன் சிரித்தான்:
"அக்கா, பாதி லோடுக்குத்தான் டீசல் போட்டிருக்கேன்."
இடது கண்ணைப் பொத்தினேன்.
கணக்குச் சரியாயிற்று.
பொத்தியபடியே ரசீது கிழித்துக் கொடுத்தேன்.

காலையில் எல்லாம் ஒழுங்கு, அதுதான் ஏமாற்றியது.
கண்ணாடியில் இமைகள் சமமாய் நிற்கும்;
விளக்கு வைக்கும் நேரத்துக்கு
இடது மட்டும் பாதி இறக்கிய ஷட்டர்.
"தூக்கம் கெட்டிருக்கும்" என்றார் இவர்.
நானும் அதையே சொல்லிக்கொண்டேன்,
விழுங்கிய காப்பி மூக்கு வழியே வந்த அன்றும்.

ஆஸ்பத்திரி தந்த மஞ்சள் அட்டை
பேரேட்டுக்குள் கிடந்தது.
தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, காய்ச்சல்,
நான் பயந்ததெல்லாம் மேல் வரிகளில்.
கடைசி வரியை
அன்றிரவுதான் படித்தேன்,
ஒற்றைக் கண்ணால்.

போனை எடுத்தவள் பெயர் மெர்சலின்.
"ஸ்கேன்ல கட்டி சுருங்கியிருக்கும்மா,
இந்தக் கண்ணுக்குப் போய் இந்நேரத்துல உங்கள..."
அவள் வெட்டினாள்:
"ஒரே மூச்சுல ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க.
சத்தமா. நிறுத்தாம."

எண்ணுவதா?
எனக்கா?
ஏழு நிமிஷத்தில் ஒரு லாரியை எண்ணுகிறவளுக்கா?

பதினாலு
பதினஞ்சு
பதினா

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.
"வீட்ல வண்டி இருக்கா?"

இவர் அதற்குள்
இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.