ஒன்றரை லீற்றர்

ஐந்தரை லீற்றர் கொள்ளும் என்று
கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்.
நேற்றுப் பின்னேரம்
பழைய துருத்தண்ணியைத் திறந்துவிட்டு
பச்சைக் கூலன்ட் ஊற்ற
நாலோடு விளிம்பு தட்டியது.
மிச்சம்தானே என்று மூடியை இறுக்கி
கானைக் கோழிக்கூட்டின் மேல் வைத்தேன்.

கனகராயன்குளம் தாண்ட
ஊசி எழும்பியது.
பங்குனி. பதினொன்றரை மணி.
பக்கத்துச் சீற்றில் சசிரூபன்,
ஒரு மணிக்கு வவுனியாவில் அவனுக்கு மிசின்.
முப்பத்தொரு வயது. நெல்லு வெட்டுகிற மிசின் ஓடினவன்,
இப்போது கிழமைக்கு இரண்டு தரம்
இரத்தம் கழுவுகிற மிசினோடு படுத்திருக்கிறவன்.

ஓரங்கட்டிப் பொனற்றைத் தூக்கினேன்.
மூடியில் கைவைக்கவில்லை;
கொதியோடு திறந்தவரின் நெஞ்சை
மாங்குளம் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.
ஃபான் சுற்றவில்லை. ஃபியூஸ் எரியவில்லை.
எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தேன்,
பால் கலந்திருக்கவில்லை, தெய்வமே.
மேல்குழாய் கையைச் சுட்டது.
கீழ்க்குழாய்
விடியப்புறத்துக் கிணற்றுக்கட்டு மாதிரி.

தெர்மோஸ்ரற் செத்துப்போச்சு என்றேன்,
எனக்கே நம்பிக்கையில்லாமல்.

அவன் ஹீற்றர் குமிழைத் திருகினான்.
வன்னியில் அதை ஆர் தொட்டது?
ஜப்பானில் எவரோ ஒரு பனிக்காலையில்
கடைசியாகத் தொட்டிருக்கக்கூடும்.
பூஞ்சண மணத்தோடு வந்தது
சூடில்லாத வெறுங்காற்று.

"அங்கை என்ஜின் கொதிக்குது, இஞ்சை ஒண்டும் வரேல்லை.
அக்கா, காத்து அடைச்சு நிக்குது.
என்னை மிசினிலை போடமுதல்
மிஸ்ஸி குழாயைத் தட்டித் தட்டிக்
காத்தைத்தான் கலைப்பா.
ஒரு குமிழி தெரிஞ்சாலும் மிசின் கத்தும்.
உங்கட கார் கத்தாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

கோழிக்கூட்டின் மேலிருந்த ஒன்றரை லீற்றர்
அப்போதுதான் எனக்குக் கணக்காக வந்தது.
லாபமில்லை அது.
இடம் பிடித்துக்கொண்டிருந்த காற்று.

முக்கால் மணி ஆறவிட்டோம்.
அவன் மிஸ்ஸிக்கு அடித்துச் சொன்னான்,
ஏச்சும் வாங்கினான்.
றோட்டுக்காரர் விட்டுப்போன கிரவல் கும்பியில்
முன்சில்லு இரண்டையும் ஏற்றினேன்.
கார் மூக்கை உயர்த்தி
வெயிலை மோந்துகொண்டு நின்றது.

மூடியைக் கழற்றி, ஸ்ரார்ட் பண்ணி,
துணியைச் சுற்றிக் குழாயை அமத்த
குளுக் என்றது.
இன்னொரு தரம். பிறகு நாலைந்து சேர்ந்து,
வயிறு ஊதின பிள்ளை ஏவறை விட்டதுபோல.
தண்ணி மட்டம் விறுக்கென்று இறங்கியது.

இருந்தது என் குடிதண்ணிப் போத்தல் ஒன்றுதான்.
"தாங்கோ, நான் ஊத்துறன்."
நூல்போல ஊற்றினான், ஒரு துளி சிந்தாமல்.
அவனுக்கு ஒருநாளைக்கு அரை லீற்றர்.
சோற்றின் ஈரமும், தேத்தண்ணியும், குளிசை விழுங்குவதும்
எல்லாம் அதற்குள்.
நான் குழாயைப் பார்க்கவில்லை.
அவன் தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

போத்தல் முடிய
"மூண்டு நாள் தண்ணி, ஒரே மூச்சிலை" என்று
வெறும் போத்தலை ஆட்டிக் காட்டினான்.

ஃபான் தானாகச் சுற்றத் தொடங்கியது.
கீழ்க்குழாய் சுட்டது.
உள்ளே ஹீற்றர்
அடுப்படி வாயைத் திறந்ததுபோல் ஊத,
அந்த நெருப்புக் காற்றில் முகத்தை வைத்து
இரண்டு பேரும் சிரித்தோம்.

ஓமந்தை தாண்டும்போது ஊசி பாதியில்.
கண்ணாடிகள் எல்லாம் இறக்கி இருந்தன,
சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.
நிப்பாட்டவோ என்று கேட்டேன்.

"வேண்டாம், கிடக்கட்டும்.
வேர்க்கிறது எனக்குக் கணக்கிலை கழியும்."