வலப்பக்கம் திரும்புதல்

கோட்டை பார்க்கத்தான் லட்லோ வந்தோம்.
நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்துவிட்டு
சந்தைத் திடலில் சிப்ஸ் வாங்கிக்கொண்டோம்.

அங்கே ஜல்ஜல்லென்று ஆறு பேர்.
முழங்காலுக்குக் கீழே கொத்துக் கொத்தாய் மணி,
தொப்பியில் வாத்து இறகு.
அக்கார்டியன் மூச்சு வாங்குகிறது.
கைக்குட்டைகள் ஒன்றாய் மேலே போய்
ஒன்றாய் இறங்குகின்றன,
ஒன்று மட்டும் சற்றுப் பிந்தி.

"அந்த ஆள்தான்" என்றாள் ரொவேனா,
வினிகர் விரலை நக்க மறந்து.
ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை
அவளைத் தோற்கடித்த பெனிங்டன்.
கண்ணாடி பார்க்கவில்லை.
கண்ணாடி பார்க்கவில்லை.
மூன்றாம் முறை, பார்த்தாள்;
பார்த்தது போதவில்லையாம்.

கோலாட்டம் தொடங்கியது. டக், டக், டகடக்.
ஐவரும் வலப்பக்கம் திரும்ப
பெனிங்டன் இடப்பக்கம் போய்
ஒரு குண்டு மனிதரின் வயிற்றில் மோதினார்.
இறகு பறந்து எங்கள் சிப்ஸில்.

"கண்ணாடி!"
திடல் முழுக்கக் கேட்கக் கத்தினாள் என் மனைவி.

அவர் அசையாமல் நின்றார்.
மணிகள்தான் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

உண்டியல் குலுக்கிக்கொண்டு அவரே வந்தார்.
"வியாழக்கிழமை, பத்தரை" என்றாள் ரொவேனா.
"அன்று எனக்கு விடுப்பு"
காதோரம் சிவக்கச் சொன்னார்.

ஐந்து பவுண்டு போட்டாள்.
இறகைத் தர மாட்டேனென்று
சின்னவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.