இருபத்தொரு துளி

வூர்ட்ஸ்பர்க் சுண்ணாம்புப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஊர்.
என் கெட்டிலின் அடியில் அந்தப் பாறை
தினமும் கொஞ்சம் வளர்கிறது.
இரவுப் பணி முடிந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்
சோதனைக் குப்பியில் குழாய்த் தண்ணீர் பிடிக்கிறேன்.
ஒரு துளிக்கு ஒரு டிகிரி.
பதினெட்டு, பத்தொன்பது, இன்னும் சிவப்பு.
இருபத்தொன்றில் சட்டென்று பச்சை.
தொட்டியில் ரோட்டாலா நுனி சுருண்டு கிடக்கிறது.

ஃபில்டர் விஷயத்தில் முன்பே ஏமாந்தேன்.
"பெரிதாக வாங்குங்கள், ஆறு வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்"
என்றார் கடைக்கார வைகாண்ட்.
அது கொட்டிய வேகத்தில்
செடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன,
வளைவில் திரும்பும் டிராமில் நிற்பவர்கள் மாதிரி.
திருப்பிக் கொடுத்துவிட்டு
ஒரு ஸ்பாஞ்சும் சின்ன மோட்டாரும் வாங்கினேன்.
மேற்பரப்பு இப்போது லேசாகச் சிலிர்க்கிறது, அவ்வளவே.

தண்ணீருக்குத்தான் வழியில்லை.
உப்பு போடும் பெட்டி
சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும்,
கடனை அடைக்க இன்னொரு கடன்.
மழைநீர் பின்கட்டுப் பீப்பாயில் நிறைய உண்டு;
ஆனால் கூரைக் குழாய் செம்பு.
என் இறால்கள் ஓர் இரவு தாங்காது.

பிறகுதான் உறைத்தது.
டயாலிசிஸ் வார்டில் நான் சாய்ந்து நிற்கும் சுவருக்கு அந்தப் பக்கம்
சவ்வில் பிழிந்து பிழிந்து
எதுவுமே மிச்சமில்லாத தண்ணீர் ஓடுகிறது.
அதை அப்படியே யாருடைய ரத்தத்தருகிலும் விடமாட்டோம்.
கால்சியம் இத்தனை, பொட்டாசியம் இத்தனை என்று
அளந்து சேர்த்த பிறகுதான்.
"எடுத்ததையே திரும்பப் போடவா
இத்தனை இயந்திரம்?" என்றார் ஸ்ட்ரோபெல், மூன்றாம் படுக்கை.
நான் பதில் யோசிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

அதே சவ்வு, சின்னதாய், இப்போது என் சிங்க்கின் கீழ்.
ஒரு வாளி தருவதற்கு
மூன்று வாளியை வெளியே தள்ளுகிறது.
கெரியோன் தண்ணீர் பில்லைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவைத்தார்,
ஒரு வார்த்தை பேசாமல்.
படிக்கட்டு கழுவும் முறை எங்களுடையதாக இருந்த வாரம்
கழிவுநீரால் நான்கு மாடியும் துடைத்தேன்.
காய்ந்ததும் படிக்குப் படி வெள்ளைக் கோடு.
கீழ்வீட்டு ஹைட்ருன் கதவைத் திறந்து பார்த்து
மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு பங்கு புதுத் தண்ணீர், ஒரு பங்கு குழாய்.
ஏழாம் துளியில் பச்சை.
மூன்று வாரத்தில் ரோட்டாலா நிமிர்ந்தது,
உச்சியில் ஓர் இளஞ்சிவப்பு, கேட்காமலே.

சன்னலோரம் ஒரு ஊறுகாய் ஜாடி.
வைகாண்ட் சும்மா கொடுத்த வாலிஸ்னேரியாத் துண்டை
கழிவுநீரில் போட்டுவிட்டு மறந்திருந்தேன்.
நேற்றுப் பார்த்தால் மூன்று கிளைக்கொடி,
கண்ணாடியைச் சுற்றி நீளநீளமாக இலை.
அந்தத் தண்ணீரையும் எண்ணினேன்.
இருபத்தெட்டு.