முடவன் முழுக்கு

மேசையில் ஜப்பானை விரித்திருக்கிறோம்.
ஒரு முனை சுருளாதிருக்க என் சர்க்கரை மாத்திரை டப்பா,
மறு முனைக்கு மங்கையர்க்கரசியின் கைபேசி.
திருத்துறைப்பூண்டியிலிருந்து காலைப் பேருந்தில் வந்தவள்
தலைப்பால் இன்னும் விசிறிக்கொண்டிருக்கிறாள்.

திருச்சி ஏஜென்ட் செபஸ்தியான்
என் போனில் கேட்கிறார்:
"ரெண்டு பேருக்கும் என்ன உறவுங்கம்மா?
படிவத்துல போடணும்."

சம்பந்தி என்று நாக்கு நுனிவரை வந்தது.
சம்பந்தம் அறுந்து மூன்று வருஷம்.
கும்பகோணம் கோர்ட்டில்
அவள் மகளும் என் மகனும் எதிரெதிர் பெஞ்சில் இருக்க
நாங்கள் ஒரே பிளாஸ்க்கில் காபி குடித்தோம்.
இரண்டு வக்கீலும் முறைத்தார்கள்.

"அப்புறம் சொல்றோம்" என்றாள் அவள்.

மகனுக்கு வேண்டாமாம் அந்த வெள்ளிக் குத்துவிளக்கு.
மகளுக்கும் வேண்டாமாம்.
மகாதானத் தெருக் கடையில் எடை போட்டவர்
"புதுசு மாதிரி இருக்கே, புழங்கவே இல்லையா?" என்றார்.
"பதினாலு மாசம்" என்றாள் மங்கையர்க்கரசி,
விலை சொல்கிற குரலில்.

அதனால்தான்,
சிக்கனமாக ஒரு திட்டம் இருக்கிறது என்று
செபஸ்தியான் ஆரம்பித்ததும் வெட்டினாள்:
"உசத்தியாவே போடுங்க சார்.
விளக்கு வித்த காசு. நல்லா எரியட்டும்."

மலையோர விடுதியில் கட்டில் கிடையாதாம்.
கோரைப்பாய் பதித்த அறை,
இரவுக்கு ஒண்ணேகால் லட்சம்.
கொள்ளிடக்கரைத் தைக்கால் பாயில்
பிள்ளை பெற்றுப் படுத்தவள் நான்.
சிரித்ததில் எனக்குப் புரையேறி
அவள் என் உச்சியில் தட்ட வேண்டியதாயிற்று.

இரவுச் சாப்பாடு பதினோரு கிண்ணம்.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து,
"எல்லாமே ஊறுகா அளவுக்குத்தான் வைக்கிறான்" என்கிறாள்.
நான் சைவம்.
தெளிந்த சாற்றில்கூட மீன் கரைந்திருக்கும் என்கிறார் செபஸ்தியான்.
ஒரு நாள் மட்டும் மலைமேல் மடத்தில்
துறவிகள் சமைக்கும் சைவம்.
மற்ற நாளெல்லாம்
"உன் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளு" என்கிறாள்
கடலோரத்தில் வாக்கப்பட்டவள்.

தேநீர்ச் சடங்கில் மண்டியிட வேண்டும்.
என் இடது முட்டி தஞ்சாவூரில் வைத்த உலோகம்;
மழைக்காலத்தில் எனக்கு முன்னால் அதற்கு வானிலை தெரியும்.
நாற்காலி வேண்டும் என்று எழுதச் சொன்னேன்.

பிறகு வெந்நீர் ஊற்று.
துணியில்லாமல் இறங்குவதே விதி என்பதை
செபஸ்தியான் மூன்று முறை இருமிச் சொன்னார்.
அறையோடு சேர்ந்த தனித் தொட்டியும் உண்டு, கட்டணம் கூடுதல்.
முப்பது வருஷம் பிரசவ வார்டில் நின்றவள்
"பார்க்காத உடம்பா? பொதுவாவே போடுங்க" என்றாள்.
துலாக்கட்டத்தில் பாவாடையை மார்புவரை முடிந்து
மூக்கைப் பிடித்து முழுகியவள் நான்.
எனக்குக் காது சுட்டது.
"வேணும்னா நான் கண்ணை மூடிக்கறேன், போ."

இலை சிவக்கிற நாட்கள் நவம்பர் நடுவில்.
இங்கே அப்போது
நட்ட சம்பா கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்,
வரப்போகிற புயலுக்குப் பெயர் வைத்து முடித்திருப்பார்கள்.
மழையை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது
என்று நான் யோசிக்கையில்
அவள் தினசரி நாள்காட்டியின் தாள்களைத் தள்ளிக்கொண்டே போனாள்.

ஊற்றில் இறங்கும் நாள், கார்த்திகை ஒன்று.

ஐப்பசி முழுக்க ஊரே முழுகி,
கடைமுழுக்கும் முடிந்து,
கடைக்காரர்கள் தார்ப்பாய் சுருட்டுகிற வேளையில்
தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்ந்தானாமே ஒருவன்,
அவனுக்காக ஆறு காத்திருந்த நாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவளும்தான்.
என் இடது முட்டியில் மட்டும்
விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டினாள்,
கதவைத் தட்டுவதுபோல.

மறுபடி செபஸ்தியான்.
இந்த முறை மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது.
அந்த உறவுக் கட்டம் இன்னும் காலியாம்.

எடுத்துக் காதில் வைத்து,
"கூட முழுகறவன்னு எழுத
அதுல இடம் பத்துமா பாருங்க" என்றாள்.

பாரம் நீங்கிய முனையில்
ஜப்பான் மெல்லச் சுருண்டு
என் பக்கமாக உருண்டு வந்தது.