தாவாதது

கொடுங்கையூர் பம்ப் ஹவுஸ் பின்னால்
மூன்று நாளாய் அதே கல்லில்
பட்டப்பகலில் ஒரு தவளை.
இரவில் திரிவதற்கு
இந்த வெயிலில் என்ன வேலை?
தொடைத் தோல் தடித்து
பால் கவர் நிறத்தில் உரிந்திருந்தது.

மடையான் வந்தது,
ஒரு காலை வைத்து, யோசித்து, மறு காலை வைத்து.
தவளை அசையவில்லை.
"ஓட்றா" என்று
ஸ்பேனரால் குழாயைத் தட்டினேன்.

அந்தச் சத்தத்துக்கு
ஆகாயத்தாமரைக்குள்ளிருந்து தாவியது இன்னொன்று,
பச்சையாய், கொழுகொழுவென்று.
கொத்து விழுந்தது அதற்குத்தான்.

"நோய்தான் காப்பாத்திச்சி பாரு"
என்றான் ஷிப்ட் மாற்ற வந்த இருதயராஜ்.

கல்லில் இருந்ததன் முதுகில்
எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன.
அதற்கும் அது அசையவில்லை.

லாக் புக்கில் எழுதினேன்:
இரண்டாம் மோட்டார் சூடு.
மற்றபடி ஒன்றுமில்லை.