பக்கம் நாற்பதைப் பார்க்க

குழாய் வேலைக்காரன் நான்.
ஆர்ப்ரோத் துறைமுகத் தெருக்களில்
யார் வீட்டில் எந்த மூட்டு ஒழுகும் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
என் தலைக்குள் ஒழுகுவதை மட்டும்
முப்பது வருடமாய்த்
தலையாட்டியே சமாளித்து வந்தேன்.

பணவீக்கம் என்பார்கள். ஆட்டுவேன்.
கிரிமியப் போர் மாதிரிதான் இதுவும் என்பார்கள்.
கொஞ்சம் மெதுவாக, வருத்தத்தோடு ஆட்டுவேன்.
(போர் என்றால் வருத்தம் பொருந்தும் என்கிற அளவுக்கு
எனக்கும் பொது அறிவு உண்டு.)

அப்புறம் நன்கொடைக் கடையில்
துருப்பிடித்த பிஸ்கட் டப்பாக்களுக்கு அடியில் கிடைத்தது
ஐம்பது பென்ஸ் புத்தகம்.
மேலட்டை போயிருந்தது.
முதல் பக்கத்தில் யாரோ காப்பிக் கோப்பை வைத்த வட்டம்.
அதற்குள் சின்ன எழுத்தில்:
"வகுப்பில் நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
நடந்தவை."

வேனில் வைத்துக்கொண்டேன்.
மழையில், மணியடித்த வீடு கதவு திறக்கும்வரை படிப்பேன்.

மகரந்தச் சேர்க்கை:
பூவுக்குக் காலில்லை. ஆகவே தபால்காரர் வைத்துக்கொண்டது.
சம்பளம் தேன்.

குதிரைக் குளம்பு ஏரி:
நதி குறுக்குவழி கண்டுபிடித்த அன்று
வளைவிடம் சொல்லாமலே போய்விட்டது.
வளைவு இன்னும் காத்திருக்கிறது.

பணவீக்கம்:
வீங்குவது பணம். இளைப்பது பை.

ஸ்டியரிங் அதிரச் சிரித்தேன்.
சிரித்த இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு டிக்.
ஒரு மாதத்தில் புத்தகம் முழுக்க டிக்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் மட்டும் இல்லை,
எவனோ கிழித்திருந்தான்.
போகட்டும், ஒரு தாள்தானே என்று விட்டேன்.
ஒரு வாஷர்தானே என்று விடுகிற வாடிக்கையாளர்களை
வாழ்நாளெல்லாம் திட்டியவன் நான்.

வியாழக்கிழமை மதுக்கடையில் வினாடி வினா.
எங்கள் மேசையில் மூன்று பேர்:
மீன் புகைபோடும் செங்கா,
நாற்பத்தோரு வருடம் படகோட்டிய எக்கி கார்கில்,
புதிதாக அறிவாளியாகிவிட்ட நான்.
ஒன்பது கேள்வி வரை நான்தான் பதில்.
ஏரி கூட வந்தது!
செங்கா என்னைப் பார்த்த பார்வையில்
இரண்டு அங்குலம் வளர்ந்தேன்.

பத்தாவது.
மர்டோ மைக்கில் தும்மிவிட்டுக் கேட்டான்:
"நிலவு ஒன்றுதான். பிறகு ஏன்
நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறுகிறது?"

எக்கியைப் பார்த்தோம்.
"இரண்டு முறை ஏறும்," என்றான் எக்கி.
"ஏன் என்று அது சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை. எனக்குப் படகு இருந்தது."

செங்கா பென்சிலைக் கடித்தாள்.
நான் மனத்துக்குள் பக்கம் புரட்டினேன்.
நூற்றுப் பதினொன்று... நூற்றுப் பதின்மூன்று.
வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம்,
கடல் ஏறிக்கொண்டிருந்தது.
விடைத்தாளில் "பழக்கம்" என்று எழுதிக் கொடுத்தோம்.

மறுநாள் திருமதி ஸ்பிங்க் வீட்டுக் கழிவறை.
தொட்டிக்கு மேலே, ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறது
அதே புத்தகம். மேலட்டையோடு!
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
திறந்தேன் நூற்றுப் பன்னிரண்டை.

"ஓதம்: முன்பே சொல்லிவிட்டோம்.
பக்கம் நாற்பதைப் பார்க்க."

நாற்பது.
என் புத்தகத்தில் இரண்டு டிக் வாங்கிய பக்கம்.

"நிலவு இழுக்கிறது. கிட்டத்துத் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடுகிறது.
நடுவில் பூமி, மூச்சு வாங்கிக்கொண்டு.
எட்டத்துத் தண்ணீர் பின்தங்கிவிடுகிறது,
பேருந்துக்கு ஓடும் குடும்பத்தில் கடைசிப் பிள்ளை மாதிரி.
ஆக மேடு இரண்டு.
சுற்றுகிற பூமியில் நிற்கிற நீங்கள்
இரண்டிலும் கால் நனைக்கிறீர்கள்."

கடைசிப் பிள்ளை நினைவிருந்தது.
அதற்குச் சிரித்தது, சிரித்ததில்
தேநீர் சிந்திய கால்சட்டை, எல்லாம் நினைவிருந்தது.
கடல்தான் எங்கேயோ ஒழுகிப் போயிருந்தது.

கதவைத் தட்டினாள் திருமதி ஸ்பிங்க்.
"ரொம்ப நேரமாய்ச் சத்தமே இல்லையே,
கோளாறு எங்கே என்று தெரிந்ததா?"

மூடிய கதவுக்கு இந்தப் பக்கம்
தலையாட்டினேன்.