கறைக்குப் பின் டி ஒன்று

தார்த்து நகரம், பிப்ரவரி. ஜன்னலில் பனி.
ஹெல்யே ஓர் உறையைப் பிரிக்கிறாள்:
ஒரே ஆட்டம், இரண்டு தாள்.
லூபெக் அகதி முகாம், நாற்பத்தாறு.
வெள்ளை: டெனிஸ் ப்ளக்ரோஸ், காவல் சிப்பாய்.
கறுப்பு: வில்லெம் ராவ்ட்செப், தொழில் இல்லை.

முதலில் ஆங்கிலேயன் தாள்.
அவனிடம் கட்டத்துக்குப் பெயர் கிடையாது,
முகவரிதான் உண்டு:
ராஜா பக்கத்து மந்திரி தெரு, மூன்றாம் படி.
அதுவும் அவரவர் வாசலிலிருந்து எண்ண வேண்டும்.
தனக்கு நாலு என்று எழுதினால் நாலு,
எதிராளிக்கு எழுதும் நாலு
இவளுக்கு ஐந்து.
ஒன்பதில் கழி, ஒன்பதில் கழி என்று
முணுமுணுத்தபடி தட்டுகிறாள்.
எதிரியின் காயை
எதிரியின் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுவது!
வேலியைக் காத்தவனுக்கு அது எங்கே வாய்த்தது?

வில்லெமின் தாளில் எழுத்தும் எண்ணும் மட்டும்.
பலகைக்கு ஒரே மூலை, யார் பக்கமும் இல்லை.
ஆனால் 'ஆர்' இங்கே குதிரை, அங்கே கோட்டை.
ஏழாவது நகர்வில் ஹெல்யே
ஒரு கோட்டையைச் சிப்பாய்களின் தலைக்கு மேலே தாண்டவிட்டு,
சிரித்து, அழித்தாள்.
எஸ்தோனியரின் கோட்டை ஒரு வண்டி, 'வீ'.
மந்திரியோ வெறும் ஈட்டி.

பதினெட்டு வரை தாள்கள் ஒத்துப்போயின.

பத்தொன்பது.
ப்ளக்ரோஸ்: கோட்டை, ராணி ஒன்றுக்கு.
எந்தக் கோட்டை? இரண்டுமே போகலாம்.
அவசரக்காரன், சொல்லவில்லை.
வில்லெம்: வீ, ஒரு கறை, டி ஒன்று.
சூப்போ மழையோ,
வேண்டிய அந்த ஒற்றை எழுத்தின் மேலேயே விழுந்திருக்கிறது.
அதோடு ஆட்டம் முடிகிறது.
சமன். இரண்டு கையெழுத்து.

ஓரத்துக் கோட்டை என்றால் வெள்ளை ஜெயம்,
பார்த்தாலே தெரிகிறது.
மற்றது என்றால் கறுப்புக் குதிரை
இரண்டே தாவலில் ராஜாவை முடித்துவிடும்.
எப்படிப் பார்த்தாலும் யாரோ ஒருவன்
கைக்கு வந்த ஆட்டத்தை விட்டுவிட்டு
எழுந்து கைகுலுக்கியிருக்கிறான்.

கணினிக்கு அதெல்லாம் வேண்டாம்.
ஏ-யா, எஃப்-ஆ, சொல்.
தெரியவில்லை என்று கேள்விக்குறி போடலாமென்றால்
சதுரங்கத்தில் அதற்கு அர்த்தம் வேறு:
தப்பான நகர்வு.

ஹெல்யே காபி ஊற்றிக்கொண்டு வருகிறாள்.
கோப்பையைத் தாளிலிருந்து
நன்றாகத் தள்ளி வைக்கிறாள்.